மேகத்துக்குள் ஒரு முறிந்த மரம்

கொடைக்கானலில் நாம் மூடுபனி என்று சொல்வது பெரும்பாலும் மேகம்தான். சமவெளியில் நின்று பார்ப்பவருக்கு மலைமேல் மேகம் உட்கார்ந்திருக்கிறது. 2,100 மீட்டர் உயரத்தில் கேமராவோடு நிற்பவருக்கு அதுவே மூடுபனி. ஈரக்காற்று சரிவில் ஏறுகிறது. ஏற ஏற விரிகிறது, விரிந்தால் குளிர்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் தன்னிடமுள்ள நீரை ஆவியாகவே வைத்திருக்க அதனால் முடிவதில்லை. காற்றில் மிதக்கும் தூசியையும் உப்புத்துகளையும் பற்றிக்கொண்டு ஆவி துளியாகிறது. பில்லர் ராக்ஸ் பாறைகள் சில நிமிடங்களில் காணாமல் போவதும் மறுபடி வெளியே வருவதும் இப்படித்தான்.

சுற்றிப்பார்க்க வந்தவர்கள் அந்த நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். மரங்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கிறவர்கள் அப்போதுதான் டிரைபாடை விரிப்பார்கள். புயலில் சாய்ந்ததும் முறிந்ததும் பாதி உயிரோடு நிற்பதுமான மரங்கள் என்றால் அவர்களுக்கு இன்னும் ஈர்ப்பு. பாழடைந்ததன் அழகில் மயங்குகிறார்கள் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் படங்களைப் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஒரு மரத்தைப் புயல் என்ன செய்தது, எந்தப் பக்கமிருந்து செய்தது, மரம் அதற்கு என்ன பதில் சொன்னது என்பதையெல்லாம் வெயிலில் எடுத்த வண்ணப் படத்தைவிட மூடுபனியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாகச் சொல்கிறது. பார்வையை மறைக்கிற ஒன்று எப்படிப் பார்வையைக் கூர்மையாக்குகிறது? அதற்கு முதலில் மூடுபனியின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஒரு கன மீட்டர் மூடுபனிக்குள் இருக்கும் நீர் பொதுவாக அரை கிராமுக்கும் குறைவு. 0.2 கிராம் என்று வைத்துக்கொள்வோம். துளியின் விட்டம் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் அந்த ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ ஐந்து கோடித் துளிகள். இந்த மூடுபனியில் 130 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. இதே 0.2 கிராம் நீர் 2 மில்லிமீட்டர் மழைத்துளிகளாகத் திரண்டிருந்தால் 13 கிலோமீட்டர் வரை தெரியும். நீர் கூடவுமில்லை, குறையவுமில்லை. துளி நூறு மடங்கு பெரிதானதால் பார்வை நூறு மடங்கு நீண்டது, அவ்வளவுதான். நூறு மீட்டர் தள்ளி நிற்கும் மரத்துக்கும் நமக்கும் நடுவிலுள்ள நீரையெல்லாம் வடித்து ஒரு கண்ணாடிமேல் பரப்பினால் 0.02 மில்லிமீட்டர் தடிமனுள்ள படலம்தான் கிடைக்கும். ஒரு பெரிய மரத்தை இல்லாமல் ஆக்க அந்தப் படலம் போதும். நொறுங்கிச் சிதறியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

அந்தத் துளிகள் நிறத்தையும் அழிக்கின்றன. வானம் நீலமாகத் தெரிவதற்குக் காரணமான காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை. அவை நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் சிதறடிக்கும். மூடுபனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல பத்து மடங்கு பெரியது. அதற்கு நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால்தான் மூடுபனி வெள்ளையாக இருக்கிறது. மரத்திலிருந்து கிளம்பிவரும் பச்சையின்மேல் வழியெங்கும் இந்த வெள்ளை கலக்கிறது. சற்றுத் தொலைவிலேயே பச்சை சாம்பலாகிவிடுகிறது. கேமராவில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிறவர், காற்று ஏற்கெனவே முக்கால்வாசி முடித்துவைத்த வேலையைத்தான் முடிக்கிறார்.

பழைய ஃபிலிம்காரர்கள் இதைக் கையனுபவத்தில் அறிந்திருந்தார்கள். தூரத்து மலையின்மேல் படிந்த நீலப் புகைமூட்டத்தை விலக்க லென்ஸின் முன்னால் சிவப்பு ஃபில்டர் போடுவது அவர்கள் வழக்கம். புகைமூட்டம் நுண்துகள்களால் ஆனது, அதிகமாகச் சிதறுவது நீலம். நீலத்தைத் தடுத்தால் மலை தெளிந்துவிடும். அதே ஃபில்டரை மூடுபனியில் போட்டால் ஒன்றும் நடக்காது. வடிகட்டுவதற்கு அங்கே தனி நிறம் எதுவும் இல்லை. அகச்சிவப்பு ஃபிலிமும் இதே காரணத்தால் மூடுபனிக்கு முன்னால் பெரிதாக உதவுவதில்லை.

இனி தொலைவு. 1924-இல் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர், காற்றில் ஒரு பொருளின் கான்ட்ராஸ்ட், அதாவது பின்புலத்திலிருந்து அது வேறுபட்டுத் தெரியும் அளவு, தொலைவோடு எப்படித் தேய்கிறது என்பதற்கு ஒரு விதி தந்தார். ஒவ்வொரு அடிக்கும் மிச்சமிருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கு போய்க்கொண்டே இருக்கும் என்பது அதன் சாரம். மேலே சொன்ன 130 மீட்டர் மூடுபனிக்கு அந்த விதியைப் போட்டுப் பார்த்தால், பத்து மீட்டரில் நிற்கும் கறுத்த மரத்தின் கான்ட்ராஸ்ட் 74 சதவீதம் மிஞ்சும். முப்பது மீட்டரில் 41, அறுபதில் 17, நூறில் 5. கண்ணால் இனம்காணக்கூடிய கடைசி எல்லையாக அவர் கொண்டது 2 சதவீதம்.

காடு என்பது மரத்தின் பின்னால் மரம், அதன் பின்னால் இன்னொரு மரம். வெயில் நாளில் இவை எல்லாம் ஒரே கருமையில், ஒரே தட்டில் கிடக்கும். எந்தக் கிளை எந்த மரத்தினுடையது என்று பிரித்தறிவதே பாடு. மூடுபனியில் பத்து மீட்டர் மரம் கறுப்பு, முப்பது மீட்டர் மரம் சாம்பல், அறுபதில் இருப்பது வெளிறிய நிழல், அதற்குப் பின்னால் வெற்று வெள்ளை. ஒவ்வொரு மரத்தின்மேலும் அதன் தொலைவு எழுதி ஒட்டியதுபோல் ஆகிவிடுகிறது. படத்தில் நிறம் இல்லை என்பதால், சாம்பலின் அளவு முழுக்க முழுக்கத் தொலைவைச் சொல்லப் பயன்படுகிறது. ஜப்பானிய ஓவியர் ஹசெகாவா தோஹாக்கு 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கறுப்பு மையை மட்டும் வைத்து மூடுபனியில் நிற்கும் பைன் மரங்களைத் திரைகளில் வரைந்தார். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தத் திரைகளில் ஆழம் முழுவதையும் மையின் அடர்த்தி ஒன்றே சுமக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மூடுபனி தொலைவிலுள்ளதை வெளுக்கச் செய்யும் அதே வேளையில், அருகிலுள்ளதைக் கறுக்கச் செய்கிறது. நனைந்த பட்டை உலர்ந்த பட்டையைவிடக் கறுப்பு. சுவீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ரம் 1925-இல் இதற்கு விளக்கம் தந்தார். பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் ஒரு பகுதி, மேலே படர்ந்த நீர்ப்படலத்தின் உட்புறத்தில் மோதி மறுபடி கீழேயே திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் பட்டை அதில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. ஆகவே நம் கண்ணுக்கு வந்துசேர்வது குறைவு. பட்டையின் வெடிப்புகள், பழைய கிளை ஒடிந்த தழும்பு, முறிவின் விளிம்பு எல்லாம் மூடுபனி நாளில் செதுக்கியெடுத்ததுபோல் தெரிவதற்குக் காரணம் பின்னாலிருக்கும் வெள்ளையும் முன்னாலிருக்கும் இந்த ஈரமும் சேர்ந்துகொள்வதுதான்.

கேமராவுக்கு இந்தச் சூழல் எளிதல்ல. அதன் ஒளிமானி பொதுவாகத் தன் முன்னால் இருப்பதை நடுத்தரச் சாம்பலாக எண்ணிக்கொள்ளும். வெள்ளை மூடுபனியை அதன் போக்கில் விட்டால் அழுக்குச் சாம்பலாகப் பதிவுசெய்யும். அதனால் எக்ஸ்போஷரை ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூட்டிவைப்பது வழக்கம். இதைவிட முக்கியமானது ஃபைல். மூடுபனிக் காட்சியின் ஒளி, கறுப்பிலிருந்து வெள்ளை வரையான நெடுக்கத்தில் ஒரு சிறு பகுதியில்தான் குவிந்திருக்கும். ஜேபெக் ஃபைலில் மொத்தமே 256 படிநிலைகள். காட்சி கால்வாசியில் அடங்கினால் கையில் இருப்பது 64. அதைப் பின்னால் இழுத்து விரித்தால் மெல்லக் கரைய வேண்டிய மூடுபனி பட்டை பட்டையாகப் பிளந்து நிற்கும். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிநிலைகள் இருப்பதால் அந்தத் தொல்லை வராது. ஃபிலிமில் இந்தப் பட்டைகள் எழுவதில்லை. வெள்ளிமணிகளின் ஒழுங்கற்ற சிதறல் படிகளின் ஓரத்தை மழுக்கிவிடுகிறது. மூடுபனிக்கு இன்றும் ஃபிலிமே சிறந்தது என்று சாதிப்பவர்களின் பேச்சில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

லியனார்டோ டா வின்சி மூடுபனி விஷயத்தில் ஒருமுறையும் மர விஷயத்தில் ஒருமுறையும் நம்மோடு வந்து சேர்ந்துகொள்கிறார். தொலைவிலுள்ள பொருள் இடையிலுள்ள காற்றின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது என்பதைக் கூர்ந்து பார்த்து எழுதியவர் அவர். மூடுபனியில் கோபுரத்தின் அடிப்பகுதி உச்சியைவிட வெளிறித் தெரிவதையும் கவனித்தார். அடர்த்தி தரையருகே அதிகம் என்பதே காரணம். அவரே தன் குறிப்பேட்டில் மரத்தைப் பற்றியும் ஒரு விதி எழுதிவைத்தார். ஒரு மரத்தில் எந்த உயரத்தில் எடுத்தாலும், அங்கிருக்கும் கிளைகளின் தடிமனையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் அடிமரத்தின் தடிமனுக்குச் சமமாக வரும் என்பது அது. சாறு ஏறுவதற்கான குழாய்க் கணக்கு என்றே நெடுங்காலம் இதற்கு விளக்கம் சொல்லிவந்தார்கள். 2011-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கிறிஸ்டோஃப் எலுவா வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். காற்று அடிக்கும்போது முறியும் வாய்ப்பு மரத்தின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால், கிளைகள் ஏறக்குறைய லியனார்டோ சொன்ன கணக்கில்தான் பிரிய வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். இலையும் நிறமும் கரைந்து கிளைகளின் கோட்டுருவம் மட்டும் மூடுபனியில் நிற்கும்போது நாம் பார்ப்பது, அந்த மரம் தன் வாழ்நாளெல்லாம் காற்றுக்குத் தயாராகிவந்த திட்டத்தின் வரைபடம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தத் திட்டமும் ஓரிடத்தில் தோற்கிறது. 2009 ஜனவரியில் கிளவுஸ் என்ற புயல் தென்மேற்கு பிரான்சின் லாண்ட் காடுகளைச் சூறையாடியது. காற்றின் வேகம் நொடிக்கு 42 மீட்டரை, அதாவது மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டரைத் தாண்டிய இடங்களில் பாதிக்கும் மேற்பட்ட மரங்கள் முறிந்திருந்தன. குட்டையா நெட்டையா, பைனா ஓக்கா என்ற வித்தியாசம் பெரிதாக இல்லை. பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர் மரக்கோல்களையும் பென்சில் கரிக்குச்சிகளையும் ஆய்வகத்தில் வளைத்து ஒடித்துப் பார்த்து, 2016-இல் காரணம் சொன்னார்கள். உயர்ந்த மரம் கூடுதல் காற்றை வாங்குகிறது. ஆனால் அது பருத்தும் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுவதால் முறியும் வேகம் எல்லா மரங்களுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அமைகிறது.

முறிவைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பேரிஜம் ஏரிக்குப் போகும் வழியில், இடுப்பளவு உயரத்தில் ஒடிந்த ஒரு பைன் மரத்தின் அருகே நெடுநேரம் நின்றிருந்தேன். முறிவின் ஒரு பக்கம் படிக்கட்டுபோல் குட்டையாக, நசுங்கினாற்போல் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் முழ நீளச் சிலாம்புகள் ஈட்டி ஈட்டியாக நின்றன. பச்சை மரத்தின் நார் இழுவிசையைத் தாங்கும் அளவில் ஏறத்தாழ பாதியைத்தான் அமுக்கு விசையில் தாங்கும். காற்றில் மரம் வளையும்போது காற்று வந்த பக்கத்துக்கு எதிர்ப்புறம் அமுங்குகிறது. நார்கள் முதலில் அங்கே மடிந்து நசுங்குகின்றன. அதன்பிறகே காற்று வந்த பக்கம் இழுபட்டு, நீளவாக்கில் கிழிகிறது. ஆகவே சிலாம்பு நீண்டிருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் காற்று வந்த திசை. சிலாம்பே இல்லாமல் மொட்டையாக ஒடிந்திருந்தால், புயலுக்கு வெகு காலம் முன்னரே பூஞ்சை உள்ளே நுழைந்து நார்களின் செல்லுலோஸைத் தின்றுவிட்டது என்று சந்தேகிக்கலாம். வெயிலில் இந்தச் சிலாம்புகளின் மேல் விழும் நிழல்களே கண்ணைக் குழப்பிவிடும். மூடுபனியில் ஒளி நாலாபக்கமிருந்தும் வருவதால் நிழல் இல்லை. முறிவின் வடிவம் மட்டும் நிற்கிறது.

கொடைக்கானல் இருக்கும் பழனிமலையில் நடந்ததோ பெரும்பாலும் வேறு கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், காவிரி டெல்டாவின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டு மேற்கே நகர்ந்தது. மலைக்கு வருவதற்குள் அது வெகுவாக வலுவிழந்திருந்தது. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. வேகம் பாதியானால் விசை கால்வாசி ஆகிவிடும். அப்படியிருந்தும் கொடைக்கானலில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. நல்ல நிலையில் இருக்கும் தண்டை ஒடிக்க மணிக்கு 150 கிலோமீட்டர் வேகக் காற்று வேண்டும். மழையில் ஊறிய மண்ணிலிருந்து ஆழமில்லாத வேரைப் பெயர்த்தெடுக்க அவ்வளவு தேவையில்லை. இந்த மலையில் நடப்பட்ட வாட்டில் மரத்தின் வேர் மேலாகவே படரக்கூடியது. மண் வலுவிழந்தால் முறியாமல் அப்படியே தட்டோடு பெயர்ந்து சாயும். முறிந்த மரத்தில் தோற்றது தண்டு. பெயர்ந்த மரத்தில் தோற்றது மண். படத்தில் இந்த இரண்டையும் ஒரே சோகமாகக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

சாய்ந்த மரம் இழப்பது இலையை மட்டுமல்ல, நீரையும்தான். 20 மைக்ரான் துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் கீழே விழும். தானாக மண்ணுக்கு வந்துசேராது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது இலையும் ஊசியும் குறுக்கே நின்று பிடிக்கின்றன. துளியோடு துளி சேர்ந்து கனத்துச் சொட்டுகிறது. மெல்லிய பரப்பு அகன்ற பரப்பைவிட நன்றாகப் பிடிக்கும்; பைன் ஊசி இதில் கெட்டிக்காரன். மழை பெய்யாத நாளிலும் மரத்தடியில் நிற்கிறவரின் லென்ஸ் நனைவது இதனால்தான். கலிபோர்னியாவின் ரெட்வுட் காடுகளில் ஆய்வுசெய்த டாட் டாசன், காட்டுக்கு வந்துசேரும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி மூடுபனியிலிருந்து சொட்டியது என்று 1998-இல் எழுதினார்.

கேனரித் தீவுகளில் எல் ஹியரோ என்று ஒரு சிறு தீவு. ஆறு கிடையாது. அங்கே சரிவில் நின்ற ஒரு தில் மரம், நம் இலவங்கத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, கடலிலிருந்து ஏறிவரும் மேகத்தைப் பிடித்து அடியிலிருந்த குழிகளில் நீரைச் சொட்டிக்கொண்டிருந்தது. கரோயே என்று அதற்குப் பெயர். தீவின் பழங்குடிகளான பிம்பாச்சிகளுக்கு அது புனித மரம், குடிநீரும் அதுதான். 1610-இல் ஒரு புயல் அதைச் சாய்த்தது. ஒரு மரம் விழுந்தது ஒரு ஊரின் நீர்நிலை போனதற்குச் சமமாக இருந்த இடம் அது. 1945-இல் அதே இடத்தில் அதே இனத்தின் வேறொரு கன்றை நட்டார்கள். அது வளர்ந்து, மறுபடியும் மேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மரம் தன் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை என்று அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் வலியுறுத்தினார். சிதைந்த திசு பழையபடி ஆவதே கிடையாது. அழுகல் பரவாதபடி மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தைப் போர்த்துகிறது. பழைய முறிவின் விளிம்பில் உதடுபோல் தடித்து உருண்டிருப்பது அந்தப் போர்வைதான். யூகலிப்டஸ் என்றால் பட்டைக்கடியில் உறங்கிக்கிடந்த மொட்டுகள் விழித்து, ஒடிந்த தண்டின் மேலெல்லாம் கொத்துக்கொத்தாகத் துளிர்விடும். பைன் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. கழுத்தில் முறிந்த பைன் அப்படியே நின்று இறக்கும். கோட்டுருவத்தைப் பார்த்தே இன்ன மரம், உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

பழனிமலையில் கேமராவைத் தூக்குகிறவர் இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: இந்த மரம் இங்கே நிற்க வேண்டியதுதானா? பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. 2018-இல் அரசுமணியும் சகாக்களும் வெளியிட்ட செயற்கைக்கோள் ஆய்வின்படி, நான்கு பத்தாண்டுகளில் இந்த மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் விவசாயத்தாலும் குறைந்துபோயிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைப் பல்லாண்டுகளாகக் கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்துவரும் இயன் லாக்வுட் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒரு புகைப்படக்காரரின் கண் நிலத்தின் கணக்கெடுப்புக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த மண்ணுக்குரிய சோலை மரங்கள் குட்டையானவை, வட்டக் கவிகை கொண்டவை, நெருக்கமாகத் தோளோடு தோள் நிற்பவை. அவற்றின் நடுவே ஒரு யூகலிப்டஸ் ஓங்கி நின்று ஒடிந்திருப்பதை மூடுபனி உடனே காட்டிக்கொடுத்துவிடும். அது விழுந்ததற்காக வருந்துவதா, அந்த இடத்தில் விழுந்த வெளிச்சத்துக்காக மகிழ்வதா என்பதை ஒரே படம் தீர்த்துவைக்காது. வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் சாய்ந்து வெயில் பட்டதும் அடர்ந்து முளைக்கும். அதே நிழலில் ஏற்கெனவே சோலைக் கன்றுகள் தலைகாட்டியிருந்தால் அவையும் அந்த வெளிச்சத்தில் எழும்பப் பார்க்கும். எது முந்துகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைச் சொல்ல ஆண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில், அதே லென்ஸில், அதே திசையில் எடுத்த படங்கள் வேண்டும். படத்தோடு தேதி, மர இனம், முறிந்ததா பெயர்ந்ததா, சிலாம்பு எந்தத் திசையில், அடியில் முளைத்திருப்பது என்ன என்ற குறிப்புகளும் வேண்டும். மூடுபனி நாளாகவே பார்த்து எடுத்தால் பின்னாலிருக்கும் காடு குறுக்கிடாது. இந்த ஆண்டின் கன்றையும் சென்ற ஆண்டின் கன்றையும் பக்கத்தில் வைத்து அளந்துபார்க்கலாம்.